வெங்காயத் தராசுக்கு முத்திரை உண்டு, கூலிக் கணக்குக்கு ஏன் இல்லை? செயலிவழி வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை வட்டாரத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உணவு டெலிவரி வண்டி ஓட்டினேன். இப்போது ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் நல வாரியத்தில் பதிவு செய்யவும், முடங்கிய ஐடியை, அதாவது செயலிக்குள் நுழையும் கணக்கைத் திறக்கவும் வழி கேட்டுப் பழைய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களும், “இதில் என்ன பெரிய அநியாயம்?” என்று கேட்கும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

செயலி என்பது கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் வண்டி ஓட்டுபவரையும் சேர்த்துவைக்கும் பாலம்தானே? இதில் முதலாளி எங்கே வந்தார்?

சேர்த்துவைப்பவர் தரகர். பேரம் முடிந்ததும் தரகர் ஒதுங்கிக்கொள்வார். செயலி ஒதுங்குவதில்லை. இந்த ஆர்டருக்கு எவ்வளவு கூலி, எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும், மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. மழை கொட்டுகிறது, பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள் என்று வாடிக்கையாளரிடம் நான் கேட்க முடியாது. அடுத்த முறை என்னையே கூப்பிடுங்கள் என்று என் எண்ணைக் கொடுக்கவும் முடியாது. தன் சரக்குக்குத் தானே விலை சொல்ல முடியாதவரை வியாபாரி என்றோ கூட்டாளி என்றோ எப்படி அழைப்பது?

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது இதைத்தான் பார்த்தது. கட்டணத்தை நிர்ணயிப்பதும், ஒப்பந்த விதிகளை எழுதுவதும், பயணங்களை அடிக்கடி மறுப்பவரை ஒதுக்கிவைப்பதும், நட்சத்திர மதிப்பீட்டால் கண்காணிப்பதும், பயணியோடு ஓட்டுநர் தொடர்பு வைத்துக்கொள்ளாமல் தடுப்பதும் நிறுவனம்தான் என்றால், ஓட்டுநர் அதற்காக உழைக்கும் தொழிலாளியே என்றது நீதிமன்றம். அந்நாட்டுச் சட்டத்தில் அது நிரந்தர ஊழியருக்கும் சுயதொழில் செய்பவருக்கும் இடைப்பட்ட ஒரு நிலை. குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் அதில் உண்டு.

‘தராசு முத்திரை’ என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நான் சொல்ல வருவதே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கோயம்பேட்டில் வெங்காயம் வாங்குகிறீர்கள். கடைக்காரரின் தராசில் அரசு முத்திரை இருக்க வேண்டும். மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து மறுமுத்திரை இட வேண்டும். சான்றிதழைக் கடையில் எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். ஆட்டோ மீட்டருக்கும் முத்திரை உண்டு. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் இவற்றுக்கு அடிப்படை. தமிழ்நாட்டில் இந்தச் சோதனைகளைச் செய்கிறவர்கள் தொழிலாளர் துறையின் கீழ் வேலை பார்க்கும் முத்திரை ஆய்வாளர்கள்.

கடைக்காரர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்து யாரும் இந்தச் சட்டத்தை இயற்றவில்லை. அளக்கிறவரும் அந்த அளவால் ஆதாயம் அடைகிறவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, தராசை மூன்றாவது ஆள் ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

டெலிவரி வேலையில் தூரத்தை அளப்பதும், கடை வாசலில் காத்திருந்த நிமிடங்களை எண்ணுவதும், மழைக்கூலி உண்டா இல்லையா என்று தீர்மானிப்பதும் செயலி. கடைசியில் கூட்டிக் கழித்துக் கூலி போடுவதும் அதே செயலி. அந்தச் செயலியை வைத்திருப்பவர்தான் கூலி கொடுக்க வேண்டியவர். இந்தத் தராசை இதுவரை எந்த முத்திரை ஆய்வாளரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு கிலோ வெங்காயத்துக்கு இருக்கும் பாதுகாப்பு ஒரு மனிதரின் ஒரு நாள் உழைப்புக்கு இல்லை என்பது எனக்குத் தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது.

கணினி தவறு செய்யாதே. கணக்கு பிசகும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஒரு நவம்பர் மாதம், விடாத மழை. அன்று 22 ஆர்டர் முடித்திருந்தேன். 23ஆவது முடித்தால் ஊக்கத்தொகை 250 ரூபாய். இரவு பத்து மணிக்கு ஒரு பிரியாணிக் கடை வாசலில் நின்றேன். உள்ளே பொட்டலங்கள் கட்டக் கட்டப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவர்களின் போன்கள் ஒவ்வொன்றாக மணியடித்தன. என் போன் அடிக்கவில்லை. பதினொன்றே கால் வரை நனைந்துகொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே நிறுத்தினார்களா, தற்செயலா? அதைக் கண்டுபிடிக்க எனக்கு எந்த வழியும் இல்லை. கொதிப்பு அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். தேதி, கடை, தெரு, வண்டி மீட்டர் காட்டிய தூரம், செயலி காட்டிய தூரம், கூலி. என் வண்டியில் 4.6 கிலோமீட்டர் ஓடியிருக்கும், செயலியில் 3.9 இருக்கும். எல்லா நாளும் அப்படி இல்லை. ஏரியைச் சுற்றிப் போகும் பாதைகளில்தான் இந்த வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தது. சாலை ஏரியைச் சுற்றிப் போகிறது, கணக்கு ஏரிக்கு மேலேயே கோடு போட்டுவிடுகிறது என்று எனக்குப் பட்டது. புகார் அனுப்பினேன். ‘உங்கள் கூலி சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது.

இன்னொரு நண்பர் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். மறுநாள் காலை முகத்தைச் சரிபார்க்கச் செயலி செல்ஃபி கேட்டது. பழைய படத்தோடு முகம் பொருந்தவில்லை. மூன்று முறை முயன்றார், ஐடி முடங்கிவிட்டது. அலுவலகத்தைத் தேடிப் போனால் வாசலிலேயே காவலாளி, “செயலியிலேயே புகார் போடுங்கள் அண்ணே, உள்ளே யாரையும் பார்க்க முடியாது” என்றார். முடங்கிய ஐடியால் செயலிக்குள் நுழையவே முடியவில்லை. திறந்துவிட எட்டு நாள் ஆனது. அதற்குள் வண்டித் தவணைக்காக அவருடைய மனைவியின் தோடு அடகுக்குப் போய்விட்டது.

வெளிநாட்டில் நீதிமன்றம் வரை போன எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. இத்தாலியில் டெலிவரூ என்ற உணவு டெலிவரி நிறுவனம் வேலை நேரத்தைப் பங்கிட ‘ஃபிராங்க்’ என்று பெயரிட்ட அல்காரிதம் (கணினிக் கணக்கு முறை) ஒன்றை வைத்திருந்தது. ஒப்புக்கொண்ட நேரத்தை 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்யாதவருக்கு மதிப்பெண் குறையும்; மதிப்பெண் குறைந்தால் அடுத்த வாரம் நல்ல நேரம் கிடைக்காது. காய்ச்சலில் படுத்தவரையும், வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவரையும், சும்மா வராமல் போனவரையும் அது ஒரே தட்டில் வைத்தது. இது பாகுபாடு என்று பொலோனா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று தீர்ப்பளித்தது. பிசகு கணினியில் இல்லை. எதை எண்ண வேண்டும், எதை எண்ணத் தேவையில்லை என்று முடிவு செய்த மனிதர்களிடம் இருக்கிறது.

கணக்கு முறை நிறுவனத்தின் வணிக ரகசியம் அல்லவா? அதை எப்படி வெளியிடச் சொல்ல முடியும்?

மசாலாப் பொடியின் செய்முறை ரகசியமாக இருக்கட்டும், பொட்டலத்தின் எடை ரகசியமாக இருக்க முடியாது. என் கூலிக்கு எந்தத் தூரத்தை எடுத்தார்கள், எத்தனை நிமிடக் காத்திருப்பைச் சேர்த்தார்கள், என்னைப் பற்றி என்ன மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், எதற்காக ஐடியை முடக்கினார்கள் என்பதைத்தான் கேட்கிறோம். மென்பொருளை யாரும் கேட்கவில்லை.

இதைக் கேட்டு வென்றவர்களும் இருக்கிறார்கள். ஊபர், ஓலா ஓட்டுநர்கள் தொடுத்த வழக்குகளில் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் பெரும்பாலும் அவர்கள் பக்கம் நின்றது. வேலையிலிருந்து நீக்கும் முடிவுகளில் ஊபர் சொன்ன மனிதத் தலையீடு வெறும் அடையாளத்துக்கானது என்றது. ஓட்டுநர்களைப் பற்றிய தானியங்கி முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று ஓலாவும் விளக்க வேண்டும் என்றது. ஓலா நம் நாட்டு நிறுவனம். ஐரோப்பாவில் அதற்கு ஓட்டியவர்கள் நீதிமன்றத்தில் பெற்ற விளக்கத்தைச் சென்னையில் ஓட்டுகிறவர் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

இந்தியச் சட்டத்தில் எதுவுமே இல்லையா?

இருக்கிறது, ஆனால் வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு கிக் தொழிலாளர் (நிரந்தர வேலையில்லாமல் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்), தளத் தொழிலாளர் (செயலி போன்ற இணையத் தளம் வழியே வேலை செய்பவர்) என்ற சொற்களை முதன்முறையாகச் சட்டத்தில் சேர்த்தது. அது நடைமுறைக்கு வந்தது 2025 நவம்பர் 21 அன்று. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்குக் கட்ட வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் அது போகாது. நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் அதே சட்டம், முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவர் என்றே கிக் தொழிலாளரை வரையறுக்கிறது. விபத்துக்கும் முதுமைக்கும் நிதி வரும், கூலிக் கணக்கைத் திறந்து காட்டு என்று கேட்கும் உரிமை வராது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இந்த ஓட்டை உண்டு. என் தரவைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கணினி தானே எடுத்த முடிவை மனிதர் ஒருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்க, ஐரோப்பியச் சட்டத்தில் இருப்பது போன்ற ஒரு பிரிவு இதில் இல்லை.

மாநிலங்கள் ஒரு படி முன்னே போயிருக்கின்றன. 2023இல் ராஜஸ்தான் முதலாவதாகத் தனிச் சட்டம் இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐடியை முடக்குவதற்கு 14 நாள் முன்பே, காரணத்தைச் சொல்லி, எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது அது. தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுப்பும் வேலையை எப்படிப் பாதிக்கின்றன என்றும் சொல்ல வேண்டும். மொட்டை போட்ட நண்பருக்கு அந்த 14 நாள் இருந்திருந்தால் தோடு வீட்டிலேயே இருந்திருக்கும்.

தமிழ்நாட்டில்?

2023 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தபடி, அந்த ஆண்டு டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கென ஒரு நல வாரியம் அமைந்தது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். அதே ஆண்டு சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. கழிப்பறை தேடி பங்க் பங்காக அலைந்தவன் நான். அந்த ஓய்வறையின் அருமையை ஏளனமாக யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் வாரியம் நிற்பது 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் மேல். செயலி என்ற சொல்லே இல்லாத காலத்துச் சட்டம் அது. உதவித்தொகை கொடுக்கலாம், கணக்கைக் கேட்க முடியாது. தராசுக்கு முத்திரை வைக்கும் துறையும் இந்த வாரியத்தை நடத்தும் துறையும் ஒன்றே. அதே கட்டடத்தில் இருக்கும் அனுபவத்தைக் கொண்டு, கூலிக் கணக்கைச் சோதிக்கும் அதிகாரத்தோடு ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை.

பத்து நிமிட டெலிவரியை நிறுத்திவிட்டார்களே, இனி ஆபத்து குறையும் அல்லவா?

2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாள்களில் பல நகரங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த மாதம் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களிடம் பேசினார். அதன்பின் மளிகை டெலிவரி நிறுவனமான பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாசகத்தை எடுத்தது. கிடங்கு அருகில் இருப்பதால்தான் வேகம், வண்டியை யாரும் விரட்டுவதில்லை என்று நிறுவனங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வண்டியை விரட்டுவது விளம்பர வாசகம் அல்ல. ஆர்டருக்கு இவ்வளவு என்ற கூலியும், 23ஆவது ஆர்டரில் தொங்கும் ஊக்கத்தொகையும்தான் சிவப்பு விளக்கைத் தாண்ட வைக்கின்றன. அவை இருக்கும் வரை சுவரொட்டியில் என்ன எழுதினாலும் எழுதாவிட்டாலும் வேகம் குறையாது.

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? இஷ்டப்பட்ட நேரத்தில் வேலை செய்யும் சுதந்திரம் வேறு எங்கே கிடைக்கும்?

என் தங்கையின் கணவர் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கும் கேள்வி இது. அந்தச் சுதந்திரம் பொய்யல்ல. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக நான் யாரிடமும் விடுப்பு கேட்டதில்லை. கல்லூரிப் பையன்கள் மாலையில் மூன்று மணி நேரம் ஓட்டிக் கட்டணம் கட்டுகிறார்கள். ஆனால் முழு நாளும் இதையே நம்பியிருப்பவருக்கு, மதியமும் இரவும் கூலி நன்றாக இருக்கும் நேரத்தில் ஓட்டினால்தான் தவணை கட்ட முடியும். எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பது உண்மை, எப்போது ஓட்டினாலும் பிழைக்கலாம் என்பது உண்மை இல்லை.

விட்டுவிடு என்று சொல்ல இது சிறிய கூட்டமும் இல்லை. நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2020–21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2029–30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்பது அதன் மதிப்பீடு. அத்தனை பேரும் போய்ச் சேர வேறு எந்த வேலை காத்திருக்கிறது?

சட்டம் போட்டால் விலை ஏறும், நிறுவனங்கள் ஆட்களைக் குறைப்பார்கள் என்கிறார்களே?

கணக்குப் பார்த்துவிடலாம். கர்நாடகச் சட்டம் ஓட்டுபவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் நலக் கட்டணம் கேட்கிறது. ஓர் ஆர்டருக்கு 40 ரூபாய் கூலி என்று வைத்தால் அது 40 காசிலிருந்து 2 ரூபாய். பிரியாணியோடு வரும் தயிர்ப் பச்சடியின் விலைகூட இல்லை. கூலிக் கணக்கை விளக்கிச் சொல்ல அந்த 2 ரூபாயும் ஆகாது.

நிறுவனங்கள் பணத்தை எதற்குச் செலவழிக்கும் என்பதற்குக் கலிஃபோர்னியா சாட்சி. ஓட்டுநர்களை ஊழியர்களாகக் கருதும் மாநிலச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற, 2020 நவம்பரில் 22ஆம் முன்மொழிவு என்ற வாக்கெடுப்புக்கு ஊபர், லிஃப்ட், டோர்டேஷ் முதலிய நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன. வெற்றியும் பெற்றன. பிரச்சாரத்துக்கு அவ்வளவு பணம் இருப்பவர்களிடம் ஒரு கூலிச் சீட்டு கேட்பது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் தொழில்நுட்பத்துக்கே எதிரி போல் பேசுகிறீர்களே?

இல்லை. மடிப்பாக்கத்துக் குறுக்குத் தெருக்களை எனக்குக் கற்றுக்கொடுத்ததே போனில் இருந்த வரைபடம்தான். அதே வரைபடத்தையும் அதே போனையும் வைத்து வேறு மாதிரியும் நடத்தலாம் என்று பெங்களூரில் 2022இல் வந்த நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலி காட்டியது. ஒவ்வொரு சவாரியிலும் பங்கு எடுப்பதற்குப் பதிலாக ஓட்டுநரிடம் சிறிய சந்தா மட்டும் வாங்கும் முறை அது. குறைகள் அதிலும் இருக்கலாம். ஆனால் இப்படித்தான் நடத்த முடியும், வேறு வழியே இல்லை என்ற பேச்சு அதோடு முடிந்தது.

ரோபோ வந்துவிட்டால் இந்தப் பேச்சே தேவைப்படாதே?

சான்பிரான்சிஸ்கோவில் ஓட்டுநரில்லாத வேமோ டாக்சிகள் ஓடுகின்றன, உண்மை. நம் தெருக்களுக்கு அது எப்போது வரும் என்று ஆரூடம் சொல்ல நான் விரும்பவில்லை. ஓட்டுகிற கை இன்னும் மனிதருடையது, கண்காணிக்கிற மேஸ்திரி மட்டும் ஏற்கெனவே இயந்திரம். தானியங்கி மயம் எங்கள் வேலையில் மேலிருந்து தொடங்கிவிட்டது.

சங்கம் சேர்ந்து எதைச் சாதிக்க முடியும்? ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே இல்லையே?

பார்த்துக்கொள்கிறோம், கடை வாசல்களில். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பெரம்பூரில், பி அண்டு சி மில் தொழிலாளர்களிடையே பிறந்தது. பி.பி. வாடியா தலைமை தாங்கினார், திரு.வி.க. உடன் நின்றார். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை என்பது அன்றைய முதன்மையான குறைகளில் ஒன்று. இன்று டெலிவரி ஊழியர் மதியம் சாப்பிடும் நேரம்தான் அவருக்கு ஆர்டர் குவியும் நேரம். நூறு ஆண்டு தாண்டியும் அந்தச் சோற்று வேளைக் குறை தீரவில்லை.

என் ஐடி முடங்கிவிட்டது. இன்று நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. அரட்டைப் பெட்டியில் பேசியதோடு நிறுத்தாமல், மின்னஞ்சலில் காரணம் கேட்டு எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம். நல வாரியத்தில் பதிவு இல்லையென்றால் உடனே பதியுங்கள், ஒன்றிய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதியுங்கள். வட்டாரத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஐடியைத் திறக்க அவருக்கு இன்று நேரடி அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை அரசுக் கோப்பில் ஏறினால்தான் நாளைக்குச் சட்டம் வரும்போது யாரும் ‘அப்படி ஒரு குறையே வரவில்லை’ என்று சொல்ல முடியாது. ஐடி முடங்காதவர்களும் வாரா வாரம் கூலி விவரத்தைச் சேமித்து வையுங்கள். முடங்கியபின் அது கைக்கு வராது.

நான் வாடிக்கையாளர் மட்டும். என்னால் என்ன முடியும்?

நட்சத்திரம் போடுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். தாமதம் சமையற்கட்டில் நடந்ததா, சாலையில் நடந்ததா என்று அவரிடமே கேளுங்கள், சொல்வார். உங்கள் அடுக்ககத்தில் டெலிவரி ஊழியர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று பலகை இருந்தால், அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதை எடுக்கச் சொல்லுங்கள். என் வட்டாரத்தில் ஓர் அம்மா ஒரு மே மாதம் தனியாக நின்று அதைப் பேசி, பலகையை எடுக்கவைத்தார். அதுவரை அவருடைய நான்காவது மாடிக்கு நான் படியேறித்தான் போய்க்கொண்டிருந்தேன். “தம்பி, இனிமேல் லிஃப்டில் வா” என்று சொல்லி, ஒரு செம்பு மோரும் கொடுத்தார்.